கல்யாண மண்டபத்துக் கடலும் மூன்று ஷிப்ட் பாசியும்

பெங்களூரில் நான் இருபது வருஷம் வேலை பார்த்த மீன் தொட்டிக் கம்பெனியில் இப்போது இருக்கிற பிள்ளைகள் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறார்கள். நான் ரிடையர் ஆன பிறகும் என்னை அதிலிருந்து நீக்கவில்லை. மரியாதையா, மறதியா என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை. போன மாதம் அதில் ஒரு பையன் எழுதியிருந்தான்: "அங்கிள், புதுசா செட் பண்ண உப்புத்தண்ணி டாங்க்ல பாசி வந்திருக்கு. எந்த பாட்டில் ஊத்தணும்? ஒரே லைன்ல சொல்லுங்க, கஸ்டமர் வெயிட்டிங்."

இந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் பாட்டில் வந்துவிட்டது. இரவு ஊற்றினால் காலையில் தொட்டி பளிங்கு மாதிரி ஆகிவிடும் என்று படம் போட்டு விற்கிறார்கள். ஆகும். மீனும் பளிங்கு மாதிரி ஆடாமல் அசையாமல் கிடக்கும். அதைப் படத்தில் போடுவதில்லை.

ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால், ஒன்றும் ஊற்றாதே. ஆனால் ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அந்தப் பையனுக்கு ஒரே வரியில் சொல்ல முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். படிக்கப் பொறுமை இல்லாதவன் பாட்டிலையே வாங்கிக்கொள்ளட்டும், எனக்கென்ன.

நான் பிறவி மீன்காரன் இல்லை. நந்திதுர்க் என்கிற தங்கச் சுரங்கத்தில், எங்கள் ஊர்ப் பேச்சில் மைனில், பம்ப் ஆபரேட்டர். பூமிக்குள் ஊறுகிற தண்ணீரை சம்ப் என்கிற குழியில் சேர்த்து மேலே ஏற்றுவது என் வேலை. மைனை மூடினார்கள். நாற்பது வயதுக்கு மேல் என்னத்தைக் கற்றுக்கொள்வது? ஊரே விடிகாலை ரயில் ஏறிப் பெங்களூருக்குப் போனது, நானும் ஏறினேன். கம்பெனி நடத்தின ரேணுகா மேடம் மங்களூர்க்காரர். என்னை உட்காரக்கூடச் சொல்லாமல், "பம்ப் தெரியுமா? சம்ப் தெரியுமா?" என்று கேட்டார். "அது ரெண்டுதான் மேடம் தெரியும்," என்றேன். "போதும். மீனை நான் சொல்லித் தருகிறேன்," என்றார். பெரிய கடல் தொட்டிக்கும் அடியில் ஒரு சம்ப் இருக்கிறது, அதிலிருந்து மேலே தண்ணீர் ஏற்ற ஒரு பம்ப் இருக்கிறது. மூவாயிரம் அடி ஆழத்தில் செய்த வேலையை மூன்றடி ஆழத்தில் செய்தேன், அவ்வளவுதான். இரண்டு வருஷம் வாளி தூக்கினேன், மூன்றாம் வருஷம் தனியாக அனுப்பினார்கள். பயிற்சிக் கதை இத்தோடு முடிந்தது.

மேடத்தின் ஒரு பழக்கத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். எந்தத் தொட்டிக்குப் போனாலும் முதல் பத்து நிமிஷம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நாங்களும் அப்படியே நிற்க வேண்டும். பெரிய கம்பெனி முதலாளி பக்கத்தில் நின்று, "ஏதாவது பண்ணுங்க மேடம், மீன் சாகுது," என்று பதறுவார். மேடம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். மீன் எப்படி மூச்சு விடுகிறது, வயிறு எப்படி இருக்கிறது, பாசி எந்தப் பக்கம் அடர்த்தி, வெயில் எந்த ஜன்னல் வழியாக விழுகிறது, எல்லாம் பார்த்து முடித்த பிறகு கையை அவிழ்ப்பார். "தொட்டியில் கையை விட்டவன் எவன் என்று முதலில் கண்டுபிடி. பாதி வியாதி அவன்தான்," என்பார். அவன் பெரும்பாலும் அந்த முதலாளியாகவே இருப்பான்.

புதுத் தொட்டி விஷயத்தில் மேடம் சொல்லிக்கொடுத்தது இதுதான். புதுத் தொட்டிக்கு ஓர் அசிங்கமான பருவம் உண்டு, மீசை முளைக்கிற வயதில் பையன்கள் முகம் இருக்குமே, அது மாதிரி. முதலில் மணல்மேல் பழுப்பாகப் பொடி படியும். பிறகு பாறையில் பச்சை முடி முளைக்கும். இரண்டும் தண்ணீரில் மிஞ்சிக் கிடக்கிற சத்தைத் தின்று வளர்கிறவை. இரையைக் குறைத்து, விளக்கை ஆறு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாமல், வடிகட்டின நல்ல தண்ணீரை மட்டும் சேர்த்தால் தின்ன ஒன்றும் இல்லாமல் தானாகப் போய்விடும். பொறுக்காமல் கையை விட்டால் போகாது.

இனி அந்த மண்டபம். ரிடையர் ஆகி ஊரோடு வந்து உட்கார்ந்த இரண்டாம் வருஷம் அது. சாம்பியன் ரீப்ஸ் போகிற சாலையில் சௌந்தரராஜன் என்பவர் ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். அவர் அப்பா மைனில் மேஸ்திரி. இவர் இரும்புக் கடை வைத்து மேலே வந்தவர். ஊரே அவரை ஓனர் என்றுதான் கூப்பிடும். வாசலில் இரண்டு சிமெண்ட் யானை, நடுவில் செயற்கை அருவி எல்லாம் வைத்தாயிற்று. போதவில்லை. பெங்களூரில் ஏதோ ஹோட்டலில் கடல் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தனபால் அண்ணே, பொண்ணு மாப்ள தொட்டி முன்னாடி நின்னு போட்டோ எடுக்கணும். பின்னாடி மீனு நீஞ்சணும். கடல் இன்னா பெங்களூர்க்காரனுக்கு மட்டும் சொந்தமா?"

கடல் பெங்களூர்க்காரனுக்கும் சொந்தமில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஏனென்றால் அந்த மண்டபத்தில் என் தங்கை சரோஜாவின் வீட்டுக்காரர் மாணிக்கத்துக்கு மேனேஜர் வேலை கிடைத்திருந்தது.

மாணிக்கமும் மைனில் இருந்தவர்தான். மூடின பிறகு இருபது வருஷத்துக்கு மேல் பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி. விடிகாலை ரயிலில் நின்றுகொண்டே போய், பகல் முழுக்க வாசலில் நின்று, ராத்திரி நின்றுகொண்டே திரும்பி வருவார். முழங்கால் இரண்டும் போய்விட்டது. ஐம்பத்தெட்டு வயதில் உள்ளூரிலேயே, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், உட்கார்ந்து பார்க்கிற வேலை. சரோஜா அந்த வாரமே அம்மன் கோயிலில் பொங்கல் வைத்தாள். சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டேன் என்று என்னிடம் சொல்லும்போது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

எட்டடித் தொட்டி வந்தது. நானே மேற்பார்வை. தண்ணீர் பக்குவப்பட ஒரு மாதமாவது மீன் விடக்கூடாது என்றேன். ஓனர் மூன்றாம் வாரமே விட வைத்தார். ஆரஞ்சு மீன், மஞ்சள் மீன், நீல மீன் எல்லாம் நீந்தின. பழுப்புப் பொடி லேசாகப் படிய ஆரம்பித்தபோது, "பயப்படாதீங்க, இது வந்துதான் போகும்," என்று சொல்லிவிட்டு, பேத்திக்குக் காதுகுத்து என்று வேலூருக்குப் போய்விட்டேன். இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில்தான் இங்கே தப்பு நடந்தது.

திரும்பி வந்த அன்றைக்கு மாணிக்கமே வீட்டுக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"மச்சான், தொட்டி பச்சையா பூட்ச்சு. ஓனர் கத்துறாரு. தொறப்பு விழாவுக்கு இன்னும் பத்தொம்போது நாள்தான் கீது. அதுக்குள்ள கண்ணாடியாட்டம் ஆவலன்னா நீ பழையபடி ரயில் ஏறிக்கோன்னு எல்லார் முன்னாடியும் சொல்ட்டாரு."

போய்ப் பார்த்தேன். அடப் பாவிகளா! பாறை எல்லாம் ஒரு சாண் பச்சை முடி. கண்ணாடியில் வழுவழுவென்று பச்சைப் பூச்சு. தொட்டி மூலையில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தது. கண்ணாடியில் மூன்று இடத்தில் குங்குமம். கல்யாண மேடைக்கு வாங்கின பெரிய ஹாலஜன் விளக்கு ஒன்று தொட்டிமேல் எரிந்துகொண்டிருந்தது. சுற்றி ஒரு மாநாடே நடந்துகொண்டிருந்தது.

ஊர்க்கண் பட்டுவிட்டது என்பது ஒரு கட்சி. சயனைடு மேட்டுத் தூசிதான் காரணம் என்பது இன்னொரு கட்சி. எங்கள் ஊரில் மைன் கழிவு மண் மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. பிள்ளைக்கு இருமல் வந்தாலும், மகன் பரீட்சையில் பெயில் ஆனாலும் அந்த மேட்டுத் தூசிதான் காரணம். பாசியை மட்டும் விடுவார்களா? பெரிய இன்ஜினியரிங் ஃபாக்டரியில் இன்ஸ்பெக்டராக இருந்து ரிடையர் ஆன குமரேசன், "லைட் பத்தல. செடிக்கு லைட் குறைஞ்சாதான் அழுகும். ஹாலஜன நான்தான் போடச் சொன்னேன்," என்று பெருமையாகச் சொன்னார். பாசியைக் கொல்லச் சொன்னால் அதற்குக் கல்யாண மேடை போட்டு விளக்கேற்றி வைத்திருக்கிறார் மனுஷன்.

நான் மேடம் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஐந்தாவது நிமிஷத்தில் மீன்களின் வயிறு கண்ணில் பட்டது. ஒவ்வொன்றும் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து எழுந்தவன் மாதிரி இருந்தது.

"இரை யார் போடறது?" என்று கேட்டேன்.

சங்கதி அங்கேதான் வெளியே வந்தது. நான் ஊரில் இல்லாதபோது பழுப்புப் பொடியைப் பார்த்து மிரண்ட ஓனர், மேஸ்திரி மகன் இல்லையா, தொட்டிக்கு மூன்று ஷிப்ட் போட்டுவிட்டார். மண்டபத்தில் ஏற்கெனவே காவலுக்கு இருந்த கண்ணப்பன் காலை ஷிப்ட், ஏழுமலை மதிய ஷிப்ட், குமரேசன் ராத்திரி ஷிப்ட். முதல் இருவரும் மைன்காரர்கள். ஷிப்ட் புத்தகம் ஒன்றும் வாங்கி வைத்திருந்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒரே வாசகம்: சார்ஜ் எடுத்தேன், எல்லாம் சரி.

"நான்தான் காலையில ஒரு சிட்டிகை போடறேன்," என்றார் கண்ணப்பன்.

"மத்தியானம் நான் ஒரு சிட்டிகை," என்றார் ஏழுமலை.

"ஏன்யா, காலையிலதான் அவர் போட்டாரே?"

"போட்டேன்னு சொன்னாரு. சொன்னா? இன்னாபா தனபாலு, நீயும் மைன்ல கீழ எறங்கினவன்தான? முன்ஷிப்ட்காரன் பாறைய தட்டிப் பார்த்துட்டேன்னு சொன்னா, நீ தட்டிப் பார்க்காம போவியா?"

உண்மைதான். முந்தின ஷிப்ட்காரன் எத்தனை சத்தியம் செய்தாலும், பாறை இளகியிருக்கிறதா என்று நாமே ஒருமுறை தட்டிப் பார்க்காமல் கூரைக்கு அடியில் நிற்கமாட்டோம். அந்தப் பழக்கத்தால்தான் பல பேர் உயிரோடு பென்ஷன் வயதுக்கு வந்தோம். ஆனால் பாறைக்கு வைத்த சட்டத்தை மீனுக்கு வைத்துவிட்டார்கள். கண்ணப்பன் மட்டும் என்ன, காலையில் வந்ததும் ராத்திரி ஷிப்டை நம்பாமல் இரண்டு சிட்டிகை போட்டிருக்கிறார். குமரேசன் மைன்காரர் இல்லையே என்று பார்த்தால், அவர் கணக்கு வேறு: "மூணு ஷிப்ட்டும் ஒரே அளவு போட்டாத்தான் தரம் மாறாம இருக்கும்."

"சரி, போட்டதப் புத்தகத்துல எழுதியிருக்கலாமே?"

ஏழுமலை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "போட்டேன்னு எழுதினா முன்ஷிப்ட்ட நம்பலன்னு ஆவாதா? அப்புறம் யூனியன்ல பஞ்சாயத்து ஆயிடும்."

"எந்த யூனியன்யா? மைனையே மூடிட்டாங்க!"

"மைன மூடினா? மரியாதைய மூடிட்டாங்களா?"

இது போதாதென்று தண்ணீர். தொட்டித் தண்ணீர் தினம் ஒரு விரற்கடை ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும். அதனால் நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். இவர்கள் மூன்று ஷிப்ட்டும் தலைக்கு ஒரு வாளி, போர்வெல் தண்ணீரில் உப்பைக் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். உப்பு பார்க்கிற கருவியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். ஊறுகாய் போடலாம். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் மீன் கருவாடாகவே நீந்தியிருக்கும்.

அன்றைக்கே பாதித் தண்ணீரை எடுத்து, முந்தின நாளே அளவான உப்போடு பக்குவம் செய்த தண்ணீரைப் பெங்களூரிலிருந்து வரவழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். கைக்கு வந்த பச்சை முடியைப் பிடுங்கினேன். பாசி தின்கிற நத்தை இரண்டு டஜன் விட்டேன். ஹாலஜனைக் கழற்றி குமரேசன் கையிலேயே கொடுத்தேன். தொட்டி மூடிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டு, சாவியை மாணிக்கத்திடம் கொடுத்தேன்.

"மாப்ள, இனிமே இது உங்க பொறுப்பு. முதல் மூணு நாள் தொட்டியச் சுத்தி கறுப்புத் துணி. அப்புறம் தினம் ஆறு மணி நேரம் லைட்டு. ரெண்டு நாளைக்கு ஒரு வாட்டி ஒரு சிட்டிகை இரை. இந்தக் கோடு வரைக்கும் வடிகட்டின நல்ல தண்ணி. வேற ஒண்ணும் செய்யக்கூடாது. எவன் வந்தாலும் கை வெக்க விடக்கூடாது. நானே வந்தாலும்."

"இவ்ளோதானா மச்சான்?"

"இவ்ளோதான். இதவிட கஷ்டமான வேலை கிடையாது."

அவர் தொட்டிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பதினெட்டு நாள் உட்கார்ந்தார். படிக்கிற பையன்களே, இதை நன்றாகக் கேளுங்கள். நான் இருபது வருஷத்தில் பார்த்த தொட்டி வேலையிலேயே இதுதான் பெரியது.

ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பவனை நம் ஊர் சும்மா விடாது. "மேனேஜரு நல்லா குந்திகினு சம்பளம் வாங்கறாரு," என்றார்கள் பந்தல்காரர்கள். ஷிப்ட் பறிபோன மூவரும் எதிரில் நின்று பெருமூச்சு விட்டார்கள். மீன் பசியில் துடிக்கிறது, பாவம் சும்மா விடாது என்றார் கண்ணப்பன். ஏழுமலை ஒரு துடைப்பக்குச்சியோடு வந்து, கண்ணாடியையாவது சுரண்டிக் கொடுக்கிறேன் என்று மன்றாடினார். ஒரு நாள் ஓனரே சம்பந்தி வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"மாணிக்கம், பூட்டைத் தொற. குழந்தைங்க கையால இரை போடட்டும்."

மாணிக்கம் எழுந்து நின்றார், சாவியை எடுக்கவில்லை. "விழா முடியட்டும்ணே. இப்ப வேணாம்ணே."

சம்பந்தி வீட்டார் முன்னால் ஓனர் முகம் கறுத்துப் போனது. அவர்களை அருவிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அன்று ராத்திரி மாணிக்கம் சாப்பிடவே இல்லை என்று சரோஜா சொன்னாள்.

இப்போது நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒன்பதாம் நாள் தொட்டி முன்னைவிட மோசமாக இருந்தது. பட்டினியில் சாகிற பாசி சாவதற்கு முன்னால் நிறம் மாறி, அழுகின மாதிரி தொங்கி, பார்க்கவே குமட்டும். எனக்குத் தெரியும், நூறு தொட்டியில் பார்த்திருக்கிறேன். தெரிந்தும் பயந்துவிட்டேன். தங்கை வீட்டுப் பிழைப்பு. தோற்றால் மீன்கார தனபால் என்று தெருவில் கூப்பிடுகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்கிற மானக்கேடு வேறு. அன்று மாலை மண்டபத்துக்குப் போனபோது என் பைக்குள் ஒரு பாட்டில் இருந்தது. ஆமாம், அதே பாட்டில்தான். நாலு மூடி ஊற்றினால் பாசி போய்விடும், மீன் பாதியாவது மிஞ்சும், விழா முடிந்துவிடும்.

"சாவியக் குடுங்க மாப்ள," என்றேன்.

மாணிக்கம் என் பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா மச்சான் அது?"

"மருந்து. கொஞ்சம்தான்."

"நீதான சொன்ன, நானே வந்தாலும் குடுக்காதன்னு."

"சொன்னேன். இப்ப நான்தான் சொல்றேன், குடுங்க."

"அன்னிக்கு சொன்னப்ப நீ பயப்படல மச்சான். இன்னிக்கு பயந்துகினு கீற. நான் அன்னிக்கு சொன்னவன் பேச்சத்தான் கேப்பேன்." முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். "போய் டீ சாப்ட்டு வா."

எனக்குக் கோபம் வந்தது. பாசியைப் பற்றி எனக்கு வாட்ச்மேன் பாடம் எடுப்பதா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வெளியே வந்தேன். பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றினேன். அதைப் பார்த்தவர் யாரும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் பச்சை முடி நுனியில் வெளுத்தது. பதினாலாம் நாள் நத்தைகள் போன இடமெல்லாம் பாறை தெரிந்தது. கடைசியாக ஒருமுறை தண்ணீர் மாற்றினேன். பதினெட்டாம் நாள் காலையில் விளக்கைப் போட்டபோது ஆரஞ்சு மீன் ஒன்று வெள்ளைப் பாறைக்குப் பின்னாலிருந்து வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது. தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. மாணிக்கம், "அய்ய, இவ்ளோ அழகா கீதா!" என்றார். பதினெட்டு நாள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தவர் கேட்கிற கேள்வி. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மறுநாள் விழா. மாண்புமிகு ஒருவர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து, தொட்டி முன்னால் செல்ஃபி எடுத்து, "பிளாஸ்டிக் மீனா?" என்று விசாரித்துவிட்டு மேடை ஏறினார். பொன்னாடைகள் கிளம்பின. இரவு பகல் பாராமல் மூன்று ஷிப்ட் உழைத்து இந்தக் கடலைக் காப்பாற்றிய வீரர்கள் என்று கண்ணப்பன், ஏழுமலை, குமரேசன் மூவருக்கும் போர்த்தினார்கள். கண்ணப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்து, எங்கள் ஊர் மீன் விஞ்ஞானி என்று என் பெயர். சரிகை வைத்த பொன்னாடை. கையில் மைக்கையும் கொடுத்தார்கள்.

வாழ்க்கையில் அதற்கு முன் யாரும் என் கையில் மைக் கொடுத்ததில்லை. நான் பேசினேன். பழுப்புப் பாசி எது, பச்சைப் பாசி எது என்று விளக்கினேன். உப்பு ஏன் ஏறுகிறது என்றேன். எல்லாரும் அவசரப்பட்டபோது நான் பொறுமையாக இருந்தேன் என்றேன். கடையில் விற்கிற பாட்டில்களைத் தொடவே மாட்டேன் என்றேன். அதற்குக் கைதட்டல் விழுந்தது. கைதட்டல் விழுந்ததும் இன்னும் கொஞ்சம் பேசினேன்.

மண்டபத்தின் கடைசியில், தொட்டிக்குப் பக்கத்தில், கண்ணாடியைத் தட்ட வந்த குழந்தைகளை விலக்கிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். மேடையிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்று நினைப்பு வந்தது. அடுத்த வாக்கியத்தில் சொல்லலாம், அடுத்ததில் சொல்லலாம் என்று போய், நன்றி வணக்கம் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் மாணிக்கத்தை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

நான் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடினேன். ஓனர் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். காபி சொன்னார்.

"நல்ல மனுசன்தான் அண்ணே, இல்லன்னு சொல்லல. ஆனா பதினெட்டு நாள் நான் எப்ப வந்து பார்த்தாலும் நாற்காலியில குந்திகினு கீறாரு. மேனேஜர்னா ஓடியாடி வேல செய்ய வேணாமா?"

"அய்யோ, அந்தத் தொட்டியச் சரி பண்ணதே அவர்தாங்க! நானே தப்பு பண்ண வந்தேன், என்னையே தடுத்தவரு அவரு."

ஓனர் போனை எடுத்து எதையோ தேடி என் பக்கம் திருப்பி வைத்தார். பொன்னாடையோடு நான். நான் பொறுமையாக இருந்தேன் என்று என் குரல் சொன்னது. நான் தொடவே மாட்டேன் என்று சொன்னது. கைதட்டல் கேட்டது. முழுசாக ஓட விட்டார். நான் காபியைக் கீழே வைத்தேன்.

"இதுல எங்கியாவது அவர் பேரு வருதா அண்ணே?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

அங்கிருந்து நேரே தங்கை வீட்டுக்குப் போனேன். சரோஜா ஸ்டூலில் ஏறிப் பரண்மேல் சாப்பாட்டு டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள். என்னை வா என்று சொல்லவில்லை. மாணிக்கம் பழைய செக்யூரிட்டி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பழைய இடத்திலேயே சேர்த்துக்கொண்டார்களாம். "மாப்ள, நான் அன்னிக்கு மேடையில..." என்று ஆரம்பித்தேன்.

"சூப்பரா பேசின மச்சான்," என்றார் அவர். முகத்தில் நிஜமான சந்தோஷம் இருந்தது, அதுதான் என்னைக் கொன்றது. "கடைசில நின்னுகினு இருந்த எனக்கே தெளிவா கேட்டுச்சு. யாரோ வீடியோ எடுத்தாங்களாமே, உன்கிட்ட இருந்தா எனக்கு அனுப்பு. ரயில்ல நம்ம பசங்களுக்கு காட்டணும், இவரு எங்க மச்சான்னு சொல்லணும்."

வீடியோ என் போனில் இருக்கிறது. மூன்று மாதமாக, காலை ரயிலில் நின்றுகொண்டே எனக்குப் போன் செய்து, இன்னா மச்சான் இன்னும் அனுப்பலியா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.